மாறியதா, மாற்றினாயா

முதலில் ஒரு திருத்தம், ஐயா. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "சின்ன மனஸ்தாபம்தானே டீச்சர், பேசித் தீர்த்துக்கலாம்" என்றீர்கள். மனஸ்தாபம் என்றால் இருவர் மனமும் வருந்தியிருக்க வேண்டும். இங்கே வருந்தியது என் மனம் மட்டும். அவள் செய்ததற்குப் பெயர் துரோகம். சொல்லைச் சரியாகப் போட்டுக்கொண்டால் வழக்கில் பாதி தெளிந்துவிடும். உட்காருங்கள்.

நான் பேசுவது எழுதிவைத்துப் படிப்பது போல இருக்கிறது என்று இந்த ஊரில் ஒரு கேலி உண்டு. இருக்கட்டும். பெண்கள் பள்ளியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் இலக்கணம் நடத்தியவளுக்கு நாக்கு வேறு எப்படி இருக்கும்?

இன்று மாலை சபைக் கமிட்டி கூடுகிறது. ஹெப்சிபாவைப் பெண்கள் சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும், கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவளுக்குத் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்த மனு உங்கள் பையில் இருக்கிறது. என்ன நடந்தது என்று என் வாயால் கேட்க வந்திருக்கிறீர்கள். குருவானவர் கேட்பது நியாயம். முழுவதும் சொல்கிறேன். நடுவில் "ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். முடிந்த பிறகு பண்ணலாம்.

நீங்கள் மே மாதம்தான் இந்தச் சபைக்கு வந்தீர்கள். ஆகவே எங்கள் புத்தாண்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சபையிலும் இருப்பதுதான். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்தச் சீட்டுகளைப் பித்தளைத் தட்டில் கவிழ்த்துவைத்து ஆல்ட்டர் படியருகே கொண்டுவருவார்கள். சபையார் வரிசையில் வந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குக் கொடுக்கும் வாக்கு. பிறகு அதைப் பீரோக் கதவில் ஒட்டுவார்கள், பைக்கில் ஒட்டுவார்கள். மேல்படிப்புப் படித்துவிட்டு வந்தவர்கள், "இது என்ன டீச்சர், குலுக்கல் பரிசா?" என்று சிரிப்பார்கள். அப்போஸ்தலரே சீட்டுப் போட்டுத்தான் ஆளைத் தெரிந்துகொண்டார்கள், போய்ப் படித்துப் பார் என்பேன். சிரிப்பு நின்றுவிடும்.

என் வீட்டுக்காரரை நீங்கள் படுக்கையில்தான் பார்த்தீர்கள். ஞானாபரணம் சார். கணக்கு வாத்தியார். ஊரெல்லாம் சார் என்று அழைத்ததால் எனக்கும் அதுவே பழகிவிட்டது. போன வருஷம் டிசம்பரில் பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, கணையத்தில் வந்திருக்கிறது, அறுத்துப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாருக்கு எதிரிலேயே சொன்னார். சார் மிகவும் மரியாதையாக, "ரொம்ப நன்றி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

புத்தாண்டுக்குச் சாரால் வர முடியவில்லை. நான் மட்டும் வந்தேன். தட்டை ஏந்தி நின்றவள் ஹெப்சிபா. தூத்துக்குடியிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவள், பக்கத்துத் தெரு, எனக்கு மிகவும் இளையவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் சங்கத்துப் பெண்கள் அவள் பேச்சுக்குத்தான் வருவார்கள். நான் கையை நீட்டிச் சீட்டை எடுத்தேன். திருப்பினேன்.

அந்த வசனத்தை நான் இப்போது வாயால் சொல்வதில்லை. சாரத்தை மட்டும் சொல்கிறேன்: நான் சாகமாட்டேன், பிழைத்திருப்பேன், ஆண்டவர் செய்தவற்றை எடுத்துச் சொல்வேன்.

கோயிலில் அழும் பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. அன்று அழுதேன். ஹெப்சிபாவும் தட்டோடு நின்று அழுதாள். "எக்கா, கர்த்தர் பேசிட்டாருக்கா! சாருக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. மனுவிலும் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். சிரித்தார். "ஏ மேபெல், இதுல 'நான்'ங்கறது யாரு? சீட்ட எடுத்தது நீயில்லா?" என்றார். கணக்கு வாத்தியாருக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று அதட்டிவிட்டு, சீட்டைக் கொண்டுபோய் அவர் படுக்கைக்கு நேரே மருந்துப் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். கண் திறந்தால் அதுதான் தெரிய வேண்டும்.

விசுவாசம் என்றால் அரைகுறையாக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. வாக்குக் கொடுத்தவர் இருக்கும்போது எதிர்ப்பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. சார் இடையிடையே, "மேபெல், கொஞ்சம் உக்காரு, சில விஷயம் சொல்லணும்" என்பார். நான் பாட்டில் பக்கம் கையைக் காட்டுவேன். நிறுத்திவிடுவார். சாருக்குப் பொன்னையா என்று ஒரு தம்பி, நாகர்கோவிலில் இருக்கிறார். பனைவிளையைப் பங்கு வைத்ததில் பேச்சு அறுந்து பல வருஷம். "பொன்னையாவ ஒரு தடவ வரச் சொல்லேன். பாத்துக்கிடுதேன்" என்றார். எதற்கு இப்படி அவசரப்பட வேண்டும், நீங்கள் எழுந்து நடமாடியதும் நாமே போய்ப் பார்ப்போம் என்றேன். அடக்க ஆராதனைக்கு எந்தப் பாட்டு என்று ஒரு நாள் தொடங்கினார். காதைப் பொத்திக்கொண்டேன். உபதேசியார் வந்து, "உம்முடைய சித்தப்படியே ஆகட்டும்" என்று ஜெபித்துவிட்டுப் போனபோது, கேட் வரை கூடப் போய், வாக்குத்தத்தம் கிடைத்த வீட்டில் அந்த ஜெபம் வேண்டாம் ஐயா என்று பணிவாகச் சொல்லி அனுப்பினேன். மறுமுறை அவர் பொதுவாக ஜெபித்துவிட்டுப் போனார்.

கடைசி வாரம். குரல் மிகவும் இறங்கிவிட்டது. "போயிட்டு வாறேன்னு சொல்லிட்டாவது போக விடேன், மேபெல்" என்றார்.

நான் சீட்டை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் கேட்பார்.

ஜூனில் நீங்கள்தானே அடக்கம் செய்தீர்கள்? நன்றாகச் செய்தீர்கள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பொன்னையா வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. "அண்ணன் என்னத் தேடுனாவளா மதினி?" என்று கேட்டார். ஆண்டவர் என்னைக் கைவிட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது. எழுத்தில் கொடுத்துவிட்டுக் கைவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். வராவிட்டால் ஊர் விசாரிக்கும். ஆனால் சபையார் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது நானும் எல்லாச் சொல்லும் சொல்வேன், வினைமுற்று வரும்போது வாயை மூடிக்கொள்வேன். 'விசுவாசிக்கிறேன்' என்பது தமிழில் கடைசியில் வருவது எனக்கு வசதியாக இருந்தது. பொய் சொல்லிப் பழகாத வாய் இது. என் பக்கத்தில் நிற்பவள் ஹெப்சிபா, அவள் கவனித்திருக்கிறாள். சார் இறந்த வாரம் முழுவதும் என்னோடு இதே தரையில் படுத்துக் கிடந்தவள் அவள்தான். அதுவும் உண்மை, அதையும் சொல்லத்தானே வேண்டும்? கூடவே இருந்தவள் செய்ததால்தான் அது துரோகம். தெருவில் போகிறவள் செய்தால் வெறும் தீமை.

நவம்பரில் வந்தாள். புத்தாண்டுச் சீட்டுகளைக் கையால் எழுதுவது என் பொறுப்பு. "எக்கா, சீட்டு எழுதணும்லா. அட்டை வாங்கியாந்துட்டேன்" என்று சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எழுத மாட்டேன்" என்றேன்.

"ஏங்க்கா?"

"பொய் எழுத மாட்டேன். ஆண்டவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அதை மீறினார். வாக்கு மீறுகிறவர் பெயரால் நான் ஊருக்கு வாக்குக் கொடுப்பதா? இனி எனக்கும் அவருக்கும் ஒன்றும் இல்லை, ஹெப்சி."

அவள் முகம் கறுத்துப்போயிற்று. "அப்படிச் சொல்லாதியக்கா. சார் இருந்த வீடு" என்றாள். அட்டைக்கட்டைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. "எக்கா... அந்தச் சீட்டு மாறியிருக்கும்க்கா."

"மாறியிருக்கும் என்றால்?"

"வேற யாருக்கோ வரவேண்டியது ஒங்களுக்கு மாறி வந்திருக்கும்."

"சீட்டு தானாக மாறாது. மாறு என்பது தன்வினை. மாற்று என்பது பிறவினை. மாறியதா, மாற்றினாயா?"

"எனக்கு அதெல்லாம் எங்கக்கா தெரியும்? நான் ஒரு இதுக்குச் சொன்னேன்."

"இலக்கணம் தெரியாவிட்டாலும் பதில் சொல்லலாம். தட்டு உன் கையில் இருந்தது. மாற்றியது யார்? ஆண்டவரா?"

அவள் என்னைப் பார்த்தாள். சாருடைய படத்தைப் பார்த்தாள். "இல்லக்கா, அவர் இல்ல. நான்தான். நான்தான் மாத்தினேன். போதுமா? அவர் ஒண்ணும் பண்ணல."

பார்த்தீர்களா? இரண்டு கேள்வியில் உண்மை வந்துவிட்டது. முறையாகக் கேட்டால் வரும்.

எனக்கு வரவேண்டிய சீட்டு எது என்று கேட்டேன். யோசித்தாள். அவமானத்தில் நாக்கு எழவில்லை என்று நினைத்தேன். "அந்தப் பள்ளத்தாக்கு வசனம்க்கா. இருட்டுப் பள்ளத்தாக்குல நடந்தாலும் பயப்படமாட்டேன், நீர் என்கூட இருக்கீர்னு வருமே, அது" என்றாள்.

ஐயா, அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிற்று. அதே நிமிஷம் வேறொன்று ஏறிற்று. ஆண்டவர் என்னிடம் பொய் சொல்லவில்லை! சார் போகப் போகிறார், பள்ளத்தாக்கு வருகிறது, ஆனால் நான் கூட இருப்பேன் என்று உள்ளதை உள்ளபடிதான் சொல்லி அனுப்பினார். இவள் நடுவில் நின்று மறித்து, வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டாள். அது மட்டும் சரியாக என் கைக்கு வந்திருந்தால் சாரைப் பேச விட்டிருப்பேன். பொன்னையாவை வரவழைத்திருப்பேன். பாட்டையும் கேட்டு வைத்திருப்பேன். வருஷத்தில் பாதி ஒரு மனிதர் வாயைக் கட்டிவைத்தவள் அவள். அவளைத் தட்டைத் தொட விடலாமா? திருவிருந்தில் என் தோளோடு தோளாக முழங்காலில் நிற்க விடலாமா?

அடுத்த ஞாயிறு விசுவாசப்பிரமாணத்தில் வினைமுற்றைச் சத்தமாகவே சொன்னேன். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனுவை எழுதினேன்.

அவளையும் விசாரித்தீர்களா? என்ன சொன்னாள்? "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாளா? மறுக்கவில்லை, கவனியுங்கள். மறுக்க வழியில்லை.

எந்தெந்த வசனம் என்று தேர்ந்தெடுப்பதும் நான்தானா என்றா கேட்கிறீர்கள்? நான்தான். வேறு யாரிடம் விடுவது? அச்சடித்த சீட்டு கடையில் கிடைக்கிறது. எழுத்துப் பிழை மலிந்தது. தவிர, வேதத்தில் இருப்பதெல்லாம் புத்தாண்டுக் காலையில் கையில் கொடுக்கத் தக்கதல்ல, ஐயா. எனக்கு முன்னால் ஒருவர் எழுதிய காலத்தில், உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்கிற வசனம் கல்யாணமாகி மாதம் ஆகாத ஒரு பெண்ணுக்கு வந்து, அவள் ஆல்ட்டர் படியிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என் தட்டில் வியாதி கிடையாது, பஞ்சம் கிடையாது, தண்டனை கிடையாது. மரணத்தைக் குறிக்கும் சொல்லே வரக் கூடாது. எதிர்மறையில் வந்தால் மட்டும் அனுமதி. கல்லறை கூடாது. இருள் கூடாது. அந்த மேய்ப்பன் சங்கீதத்தில்கூடப் புல்வெளி வரை எழுதுவேன், தண்ணீர் வரை எழுதுவேன், அதோடு நிறுத்திக்கொள்வேன். பள்ளத்தாக்கு...

பள்ளத்தாக்கு கூடாது.

காபியைக் குடியுங்கள். ஆறுகிறது.

இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியும். அந்த வசனம் அந்தத் தட்டில் இல்லை. எந்த வருஷத் தட்டிலும் இருந்ததில்லை. நான் எழுதாத சீட்டு எனக்கு எப்படி வந்திருக்கும்? எனக்கு வராத சீட்டை அவள் எப்படி மாற்றியிருப்பாள்? என் கைக்கு வந்ததுதான் எனக்கு வந்தது. ஒருவரும் மாற்றவில்லை.

பிறகு ஏன் ஒத்துக்கொண்டாள்? செய்யாத குற்றத்தை எதற்காக ஒருத்தி தன் தலைமேல் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? வாயைத் திறக்காதீர்கள், ஐயா. செய்யாத குற்றத்தைச் சுமப்பவருக்கு நம் சபையில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஹெப்சிபாவைக் கொண்டுபோய் நிறுத்த நான் தயாராக இல்லை. அவள் மீன் குழம்பில் உப்புப் பார்க்காமல் இறக்குகிறவள்.

என்னை ஏமாற்றிவிட்டாள். இதுவரை ஒரு விதமாக ஏமாற்றினாள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் வேறு விதமாக. ஒரு மாதமாக அந்தப் பள்ளத்தாக்கு வசனத்தைச் சொல்லிச் சொல்லித்தான் தூங்கினேன். ஆண்டவர் எனக்கென்று அனுப்பியது, தாமதமாகக் கைக்கு வந்தது என்று தலையணைக்கடியில் எழுதி வைத்துக்கொண்டு தூங்கினேன். அது ஆண்டவர் அனுப்பியதும் இல்லை. சமையலறை வாசலில் நின்று, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே சங்கீதத்திலிருந்து அவள் கிள்ளிக் கொடுத்தது.

என்ன? வசனம் பொய்யா என்றா? நல்ல கேள்வி கேட்கிறீர்கள். வசனம் பொய்யில்லை. வந்த வழி பொய்.

அப்படியானால் சாருடைய வாயைக் கட்டியது...

இருங்கள். அடுப்பில் பால் வைத்தேன். பார்த்துவிட்டு வருகிறேன்.

பொங்கவில்லை. அடுப்பை முன்பே அணைத்துத்தான் இருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். இதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் உதாரணமாக எடுத்துவிடக் கூடாது. ஜூனிலிருந்து நவம்பர் வரை மேபெல் டீச்சர் ஜெபத்தை விட்டுவிட்டாள் என்று ஊர் நினைத்தது. நான் ஆண்டவரோடு பொழுது முழுவதும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தேங்காய் துருவும்போது, துணி காயப்போடும்போது. வாக்குக் கொடுத்தீரே, நான் கேட்டேனா, நீராகத்தானே கொடுத்தீர் என்று. பதில் ஒன்றும் வராது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நாளும் ஐயம் வந்ததில்லை. கரும்பலகையில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் எந்தப் பிள்ளை கவனிக்கிறாள், எந்தப் பிள்ளை கவனிக்கவில்லை என்று ஒரு ஆசிரியைக்குத் தெரியும், அந்த மாதிரி. ஹெப்சிபா ஒத்துக்கொண்டாள், சண்டை தீர்ந்துவிட்டது. அவர்மேல் பழி இல்லை என்று ஆயிற்று. அன்றிரவு முழங்காலில் நின்று, ஒரு சந்திப்பிழைகூட இல்லாமல் ஜெபித்தேன். அறையில் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து இந்த வீடு காலியாகவே இருக்கிறது. கோயிலில் அவ்வளவு சத்தமாக 'விசுவாசிக்கிறேன்' என்று சொன்னது அதனால்தானோ என்னவோ.

இப்போது அடுப்படியில் போய் நின்றேனே, அங்கே என்னையறியாமல், "அப்படியானால் நீர்தான்" என்று சொல்லிவிட்டேன். கோபமாகத்தான் சொன்னேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அவர் எனக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சொன்ன அந்தக் கணமே தெரிந்துவிட்டது, ஐயா. அடுப்படியில் நான் தனியாக இல்லை. இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியாது. நான் கண்ட நிச்சயம் அவ்வளவுதான். உங்கள் இறையியல் கல்லூரியில் இதற்கு மதிப்பெண் போடமாட்டார்கள்.

சாருடைய காரியம் தனி. அதை நானும் ஆண்டவரும் பேச வேண்டும். அதற்கு இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மனுவை இங்கே கொடுங்கள். கிழிக்க மாட்டேன்; ஒப்படைத்த தாளைக் கிழிப்பது முறையல்ல, திருத்துவதுதான் முறை. "ஹெப்சிபா சீட்டை மாற்றினாள்" என்று எழுதியிருக்கிறேன். பயனிலை சரி, வேற்றுமை உருபு சரி. எழுவாய் தவறு. எழுவாய் யார் என்று கமிட்டியில் யாராவது கேட்டால், அது டீச்சருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம் என்று சொல்லிவிடுங்கள்.

வேண்டாம், நானே வந்து சொல்கிறேன். உங்கள் ஸ்கூட்டரில் நான் ஏற மாட்டேன். நீங்கள் முன்னால் போங்கள், நடந்து வருகிறேன். சேலையை மாற்றிக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே கிளம்ப வேண்டும். செய்யாததைச் செய்தேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளே, அதற்கு அவளை நிற்கவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். கோயிலுக்குப் போகிற வழியில்தான் அவள் வீடு.